ஆக்சிஜன் சென்சார் கழல மாட்டேங்குது, எந்த சாக்கெட் வாங்கணும்?

சில்வர்_ஹேட்ச்: செக் இன்ஜின் லைட் எரியுது. சைலன்சர் பைப்புல இருக்கற ஆக்சிஜன் சென்சார் போயிடுச்சாம். புதுசு வாங்கியாச்சு, பழசு அசையவே மாட்டேங்குது. ஸ்க்ரூ ஸ்பேனர் போட்டா வழுக்குது. இதுக்குன்னு தனி சாக்கெட் இருக்காமே, எது வாங்கறது? அவசரம், வண்டி வேணும்.

கராஜ்_கோவை: என்ன வண்டி? மேனிஃபோல்டு (இன்ஜின்லேர்ந்து புகை வெளிய வர்ற இடம்) பக்கம் இருக்கறதா, கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்கு (புகையைச் சுத்தம் பண்ற பாகம்) பின்னாடி இருக்கறதா? ஸ்கேனர்ல வந்த எரர் கோடு என்ன? முதல்ல அந்த ஸ்க்ரூ ஸ்பேனரைக் கீழ வைங்க. மூலை மழுங்கிட்டா வேலை ரெண்டாயிடும்.

மரை18: பெரும்பாலான கார்ல சென்சாரோட ஹெக்ஸ் (ஆறுமூலை) 22 மி.மீ., மரை எம்18 × 1.5, அதாவது விட்டம் 18 மி.மீ., மரை இடைவெளி 1.5 மி.மீ. 7/8 இன்ச்னு விக்கறதும் உட்காரும். வயர் வெளிய வர்றதுக்குப் பக்கவாட்டுல வெட்டு விட்டிருப்பான், அதுதான் சென்சார் சாக்கெட்.

பழைய_பிஸ்டன்: "போயிடுச்சாம்"னா யார் சொன்னது தம்பி? மீட்டர் வெச்சுப் பார்த்தீங்களா? சென்சாருக்குள்ள இருக்கற ஹீட்டரோட கோடுன்னா ஃபியூஸ் போனாலும் அதேதான் வரும். கப்ளரை (வயர் இணைப்பு) கழட்டி, சென்சார் பக்கம் ஒரே நிறத்துல இருக்கற ரெண்டு வயருக்கு நடுவுல ஓம்ஸ் பாருங்க. போஷ்ல வெள்ளை, டென்சோல கருப்பு. சில ஓம்ஸ் காட்டினா ஹீட்டர் நல்லாயிருக்கு, ஓப்பன்னா, அதாவது இணைப்பே காட்டலேன்னா, செத்துப்போச்சு. பார்ட்டை வாங்கிட்டு அப்புறம் ஸ்பேனர் தேடறதே இப்ப வழக்கமாயிடுச்சு.

சில்வர்_ஹேட்ச்: கோடு பி0141, ஹீட்டர் சர்க்யூட். கன்வெர்ட்டருக்குப் பின்னாடி கீழ இருக்கறது. ஓப்பன்தான் காட்டுது.

கராஜ்_கோவை: வண்டி பேரை இன்னும் சொல்லல, பரவாயில்ல. பழசு குப்பைக்குத்தானே போகுது, வயரை ஒட்ட வெட்டிடுங்க. வெட்டு விட்ட சாக்கெட்டுல பலமாத் திருகினா வாய் விரியும், இறுகின சென்சார்ல வழுக்கறது அங்கதான். வயர் இல்லேன்னா 22 ஆறுமூலை டீப் சாக்கெட் முழுசா உட்காரும். 1/2 இன்ச் டிரைவ், நீளமான பிரேக்கர் பார் (சாக்கெட்டைத் திருகற நீளக் கைப்பிடி). பன்னிரண்டு மூலை வேண்டாம். இடம் பத்தலேன்னா 22 ரிங் ஸ்பேனர். வெட்டறதுக்கு முன்னாடி புதுசோட கப்ளர் பொருந்துதா, வயர் நீளம் சரியான்னு பார்த்துக்கங்க.

உப்புக்காத்து: இதுக்கெல்லாம் கருவி எதுக்கு? இன்ஜினை நல்லா சூடாக்கிட்டுத் திருகினா தானா வரும்.

மரை18: கொதிக்கற சூட்டுல திருகினா மரை கவ்விக்கிட்டு உரிஞ்சு வரும். ஆறின பைப்புல ராத்திரி பெனட்ரேட்டிங் ஆயில் (துருவுக்குள்ள ஊடுருவற எண்ணெய்) விட்டு ஊற விடுங்க. காலையில ரெண்டு மூணு நிமிஷம் இன்ஜினை ஓட விட்டு, வெதுவெதுப்பா இருக்கும்போது கழட்டணும்.

உப்புக்காத்து: கடலோர வண்டியில துரு ஏறினதுக்கு வெதுவெதுப்பு எந்த மூலைக்கு? சூடு வேணும் சார்.

மரை18: சூடான பைப்புல ஆயில் அடிச்சா புகையும், தீ கூடப் பிடிக்கும். அதையும் சேர்த்துச் சொல்லுங்க.

பழைய_பிஸ்டன்: சண்டையை அப்புறம் வெச்சுக்கங்க. கேட்டவர் பைப்புக்கு அடியில படுத்திருக்கார். தம்பி, கால் சுத்து கழண்டு மறுபடி இறுகினா முரட்டுத்தனமா இழுக்காதீங்க. திருப்பி உள்ள விட்டு, ஆயில் விட்டு, முன்னும் பின்னுமா ஆட்டி எடுங்க. வண்டி ஜாக்கில மட்டும் நிக்கக் கூடாது, ஸ்டாண்டு போடுங்க.

சில்வர்_ஹேட்ச்: கழண்டுருச்சு. வயரை வெட்டி டீப் சாக்கெட் போட்டேன். மரை கொஞ்சம் அடி வாங்கியிருக்கு. நன்றி.

மரை18: அப்படியே புதுசை ஏத்தாதீங்க! எம்18 × 1.5 டேப்புல (மரையைச் சீராக்கற கருவி) கிரீஸ் தடவி, பைப் மரையில கையால மெதுவா ஓட்டுங்க. இரும்புத்தூள் கிரீஸ்லயே ஒட்டிக்கும். புதுசு முதல் சில சுத்து விரலாலயே போகணும். கடைசியா டைட் பண்ண 22 ஓப்பன் ஸ்பேனர் போதும், 40-50 நியூட்டன் மீட்டர். இப்பத்தான் உங்க வெட்டு சாக்கெட் உதவும், டார்க் ரெஞ்ச்ல (இறுக்கத்தை அளந்து காட்டற ஸ்பேனர்) மாட்டலாம்.

கராஜ்_கோவை: புது சென்சார் மரையில ஆன்டி சீஸ் (மரை இறுகிப் பிடிக்காம இருக்கற பசை) தடவியே வரும். தனியா பூசறதா இருந்தா முனையில படக் கூடாது. வயர் முறுக்கிக்காம, பைப்பைத் தொடாம கிளிப்புல மாட்டிட்டு கோடை அழிங்க.