வில் ஸ்மித்துக்கு போன் போட்டா அவரே எடுப்பாரா? பழைய 900 நம்பர் விளம்பரம் பத்தி ஒரு சந்தேகம்

தக்கலைக்காரன்:
நேத்து ராத்திரி உறக்கம் வராம யூடியூப்ப நோண்டிட்டு கெடந்தேன், 80கள் கடைசியில வந்த அமெரிக்க டிவி விளம்பரம் ஒண்ணு மாட்டிச்சு. வில் ஸ்மித்தும் அவருகூட ராப் பாடுன ஜாஸி ஜெஃப்பும், மீசை கூட சரியா மொளைக்கல, 1-900ன்னு தொடங்குற நம்பர்ல, அதான் கூடுதல் காசு புடிக்கிற லைன்ல, கூப்பிடு கூப்பிடுன்னு கெடந்து துள்ளுதானுவ. முதல் நிமிஷம் 2 டாலர், அதுக்குப் பொறவு நிமிஷத்துக்கு 45 சென்ட். நெசமாவே அவனுவதான் பேசுவானுவளா? கார்டு இல்லாத பள்ளிக்கூடத்துப் பிள்ளைய எப்படி காசு கெட்டிச்சு?

பழைய_பூத்து (மார்த்தாண்டம்):
தம்பி, எல்லாம் டேப்பாக்கும். முன்னாடியே பேசி ரெக்கார்ட் பண்ணி வச்சிருப்பானுவ, எத்தன பேரு கூப்பிட்டாலும் அதையேதான் கேக்கணும். காசு வீட்டு போன் பில்லுல வந்து விழும். டெலிபோன் கம்பெனி வசூல் பண்ணி தனக்க பங்க எடுத்துட்டு மீதிய லைன் நடத்துறவனுக்கு குடுக்கும், அதுல நடிகருக்கு ஒரு பங்கு. பிள்ள கூப்பிட்டது மாசக் கடைசியில பில்லு வந்தாத்தான் அப்பனுக்கு தெரியும். இதுல சூத்திரம் என்னன்னா அவசரமே படக்கூடாது, வணக்கம் சொல்லி, சிரிச்சு, "இன்னைக்கு என்ன நடந்துச்சுன்னா"ன்னு இழுத்து இழுத்து விஷயத்துக்கு வரதுக்குள்ள மூணு நிமிஷம் போயிரும்.
நான் 90கள்ல எஸ்டிடி பூத்து நடத்துனவனாக்கும். கண்ணாடிக் கூண்டுக்கு வெளிய செவப்பு எழுத்துல மீட்டர் ஓடும், கல்ஃபுக்கு பேசுறவங்க கண்ணு அதுல இருந்து மாறாது, பாதி வார்த்தையில டபக்குன்னு வச்சிருவாங்க. ராத்திரி கால்வாசி சார்ஜுக்கு க்யூ நிக்கும். அந்த அமெரிக்கப் பிள்ளைய கண்ணு முன்னால அப்படி ஒரு மீட்டர் இல்ல பாத்தியா, அதுதான் அவனுவளுக்கு வாய்ச்சுது.

நாகர்கோவில்_மக்கா:
நம்பர எழுத்தாவே சொல்லுவான் அண்ணே. மல்யுத்தக்காரன் ஹல்க் ஹோகன் லைன்ல கடைசி நாலு எழுத்து எச், யூ, எல், கே. போன் பட்டன்ல அது 4855. பிள்ளைக்கு நம்பர் மறக்கும், ஹல்க்னா மறக்குமா? பொறவு ஊரெல்லாம் புகாராயி 1993ல அமெரிக்காவுல சட்டம் கடுசாச்சு. எவ்வளவு ஆகும்னு முதல்ல சொல்லணும், அத கேட்டுட்டு உடனே வச்சா காசு கெடையாது, 12 வயசுக்கு கீழ உள்ள பிள்ளையள கூப்பிட வைக்கவே கூடாது, படிப்பு சம்பந்தமான லைனுக்கு மட்டும் விலக்கு.
நம்மள மட்டும் விட்டானுவளா? டிவி போட்டிக்கு எஸ்எம்எஸ் போட்டு பேலன்ஸ தொலைச்சவன்தான் நானும். காலர் ட்யூன் கேக்காமலே ஏறிரும், காலையில 30 ரூவா காணாது. கஸ்டமர் கேர்ல ஒண்ண அமுக்கு ரெண்ட அமுக்குன்னு அரை மணிக்கூர், கடைசியில லைன் கட்டு. எந்த கம்பெனின்னு சொல்ல மாட்டேன், எல்லாம் ஒரு கணக்குதான்.

குளச்சல்_கரை:
900 நம்பர்ல எனக்கு பிடிச்ச கதை சிங்கி றாலு கதையாக்கும். 1982ல சாட்டர்டே நைட் லைவ்னு அமெரிக்க டிவி காமெடி ஷோவுல நடிகர் எடி மர்ஃபி உசிரோட ஒரு சிங்கி றால தூக்கிக் காட்டி, பேரு லாரி, இத வேக வைக்கவா விடவான்னு ரெண்டு நம்பர் குடுத்தாரு. காலுக்கு 50 சென்ட். நாலரை லட்சத்துக்கு மேல கால் வந்துச்சு, விடச் சொன்னவங்க 12,000 கிட்ட கூடுதல்.

தக்கலைக்காரன்:
அப்ப றாலு தப்பிச்சுதா?

குளச்சல்_கரை:
எங்க தப்பிக்க. அடுத்த வாரம் வேக வச்சு தட்டுல கொண்டு வந்துட்டாரு. 50 சென்ட் போனவன் போனவன்தான்.

தக்கலைக்காரன்:
😂 பூத்து அண்ணே, அந்த மீட்டர் இப்பவும் கையில இருக்கா? இருந்தா ஒரு போட்டோ போடுங்க.

பழைய_பூத்து (மார்த்தாண்டம்):
மச்சுல கெடக்கு. எறக்க ஆள் வேணும், ஞாயித்துக்கெழம பாக்கேன்.