ரவுட்டரில் ஓடும் ஊடக சர்வர்: டிரான்ஸ்கோடிங் வேண்டுமா, வேண்டாமா?

வியாசை நிரலாளர்:
ஓப்பன்டபிள்யூஆர்டி என்ற இயங்குதளம் நிறுவிய சிறிய ரவுட்டரில் வன்தட்டைச் செருகி, அதிலுள்ள படங்களை வீட்டு டிவியில் பார்ப்பதற்கான மென்பொருளை எழுதி வருகிறேன். 128 எம்பி நினைவகத்துக்குள் ரவுட்டரின் மற்ற வேலைகளும் நடந்தாக வேண்டியிருப்பதால், டிரான்ஸ்கோடிங் (கோப்பை வேறு வடிவத்துக்கு மாற்றுவது) இல்லாமல், கோப்பை உள்ளபடியே அனுப்புவதோடு சர்வர் நின்றுகொள்ள வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. 239.255.255.250 முகவரியில், 1900ஆம் போர்ட்டில், சர்வர் உண்டா என்று டிவி தேடும்போது பதில் சொல்லி, பட்டியலைக் கொடுத்து, கேட்ட பகுதியை எச்டிடிபி வழியே அனுப்பினால் போதும். மினிடிஎல்என்ஏ என்ற சிறிய ஊடக சர்வர் இத்தகைய கருவிகளில் தாக்குப்பிடிப்பது இந்த அடக்கத்தால்தான்.

கொளத்தூர்க்காரர்:
என்னால் உடன்பட முடியவில்லை. பெரம்பூரில் என் அக்கா வீட்டு டிவியில், டிடிஎஸ் என்ற ஒலி வடிவமுள்ள படங்களுக்குக் காட்சி மட்டும் ஓடுகிறது, வசனம் ஒன்றுகூடக் கேட்பதில்லை. அவரிடம் கணினி கிடையாது. கோப்பை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்று அவரிடம் எப்படிச் சொல்வது? காட்சியைத் தொடாமல் ஒலியை மட்டும் டிவிக்குப் புரியும் ஏசி3 வடிவமாக்கினால் சுமை மிகவும் குறைவு. ஜெல்லிஃபின் என்ற ஊடக சர்வர் இதைச் செய்கிறதே.

வியாசை நிரலாளர்:
ஜெல்லிஃபின் டாட்நெட் என்ற, அதிக நினைவகம் கேட்கும் தளத்தில் எழுதப்பட்டது. ராஸ்பெரி பை என்ற சிறு கணினியில் ஓடும், இந்த ரவுட்டரில் அதற்கு இடமில்லை. அதைவிடப் பெரிய சிக்கல், ஓடும்போதே மாற்றினால் கோப்பின் மொத்த அளவு முன்கூட்டித் தெரியாது என்பதுதான். கோப்பின் எந்த இடம் வேண்டும் என்று பைட் எண்ணைச் சொல்லிக் கேட்கும் டிவியில் அப்போது படத்தைத் தள்ளிப் பார்க்க இயலாது. இடையில் மின்சாரம் போய் வந்தால் உங்கள் அக்கா முதலிலிருந்துதான் பார்க்க வேண்டும்.

கொளத்தூர்க்காரர்:
அப்படியானால் யாரும் பார்க்காத இரவு நேரத்தில் ஒருமுறை மாற்றி, வன்தட்டிலேயே வைத்துவிடலாம். விடிய விடிய ஓடினாலும் பாதகமில்லை.

வண்ணை வாசகி:
இருவரும் முக்கியமானதை விட்டுவிட்டீர்கள். புதுவண்ணாரப்பேட்டையில் நாங்கள் இருப்பது ஒண்டுக்குடித்தனம். ஒரே பிராட்பேண்ட் இணைப்பு, எல்லாக் குடும்பங்களுக்கும் ஒரே வைஃபை கடவுச்சொல். யூபிஎன்பி (வீட்டு நெட்வொர்க்கில் கருவிகள் ஒன்றையொன்று தானாகக் கண்டறியும் முறை) வழியாகப் பகிரும் சர்வர்கள் பொதுவாக யார், எவர் என்று கேட்பதில்லை என்பதால், கீழ்வீட்டுப் பெண்ணின் வளைகாப்பு வீடியோ மாடிவீட்டு டிவியின் பட்டியலிலும் வந்து நிற்கும். உரிமையாளர் அனுமதிக்கும் வரை எதையும் காட்டாமல் இருப்பதே இயல்பு அமைப்பாக இருக்க வேண்டும். மேலும், சர்வரின் நிகழ்வு அறிவிப்பை (ஏதேனும் மாறியதும் அது அனுப்பும் செய்தி) எந்த முகவரிக்கும் அனுப்பவைக்கலாம் என்பதை 2020இல் கால்ஸ்ட்ரேஞ்சர் என்ற யூபிஎன்பி பாதுகாப்புக் குறைபாடு காட்டிய பிறகும், அந்த முகவரி வீட்டு நெட்வொர்க்குக்குள் இருக்கிறதா என்று சோதிக்காத சர்வரை வெளியிடவே கூடாது.

வியாசை நிரலாளர்:
இரண்டையும் ஏற்கிறேன், சகோதரி. ஆனால் மேக் முகவரியை (கருவியின் நெட்வொர்க் அடையாள எண்) பார்த்து அனுமதித்தால் போதாது, அதை எளிதில் போலியாக்கலாம். குடும்பத்துக்கு ஒரு வைஃபை பெயரும் தனி நெட்வொர்க்கும் கொடுத்து, சர்வர் அதில் மட்டும் பதில் சொல்லுமாறு எழுதுகிறேன். இரவில் ஒலியை மாற்றும் பகுதி சர்வருக்குள் வராது. விரும்புவோர் நிறுவிக்கொள்ளும் தனித் தொகுப்பாக இருக்கட்டும்.