டொட்டோரோ படத்தின் சாயலில் குழந்தைக்கு அறை: சுவர், தொட்டில், தொங்கும் பொருட்கள் பற்றி ஆலோசனை வேண்டும்

கேள்வி: நெல்லிமரம்

அனைவருக்கும் வணக்கம். வரும் தை மாதத்தில் எங்களுக்கு முதல் குழந்தை பிறக்கவிருக்கிறது. தாம்பரத்துக்கு அருகில் உள்ள எங்கள் அடுக்கக வீட்டில், இதுவரை துணி காயப்போடவும் பழைய பெட்டிகளை அடுக்கவும் பயன்பட்டுவந்த பத்துக்குப் பத்தடி அறையைக் குழந்தைக்கென்று ஒதுக்கியிருக்கிறோம். ஹயாவோ மியாசாகி இயக்கி 1988இல் வெளிவந்த ‘மை நெய்பர் டொட்டோரோ’ என்ற ஜப்பானிய அனிமேஷன் படம் எனக்கும் என் கணவருக்கும் மிகவும் பிடித்த படம் என்பதால், அந்த அறையை அதன் சாயலில் அமைக்க வேண்டும் என்று இருவரும் ஆசைப்படுகிறோம்.

அந்தப் படத்தில் வரும் காட்டு மாய உயிரான பெரிய டொட்டோரோ மழையில் குடை பிடித்தபடி பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் காட்சியை மேற்குச் சுவர் முழுவதும் வரைய ஒரு பெயின்டரிடம் பேசியிருக்கிறோம். ஆனால் அந்தச் சுவரின் கீழ்ப்பகுதியில் ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஓதம் ஏறுகிறது. வரைவதற்குப் பதிலாக ஸ்டிக்கர் ஒட்டிவிடலாம் என்று உறவினர் ஒருவர் சொல்கிறார். எங்களுக்குத் தெரிந்த தச்சர், படத்தில் வரும் பூனைப் பேருந்தின் வடிவிலேயே தொட்டில் செய்து தருவதாகச் சொல்லியிருக்கிறார். அதில் வரும் கண்ணுள்ள கரித்தூள் உருண்டைகளைப் போலக் கறுப்புக் கம்பளி நூலில் செய்து கூரையிலிருந்து தொங்கவிடவும், ஓக் மரக்கொட்டைகளைக் கோத்து மாலையாகக் கட்டவும் எண்ணியிருக்கிறேன். இவற்றில் எது குழந்தைக்கு ஏற்றது, எதைத் தவிர்க்க வேண்டும் என்று அனுபவமுள்ளவர்கள் கூறினால் நன்றாக இருக்கும்.

இன்னொரு சிக்கலும் உண்டு. பிள்ளை பிறப்பதற்கு முன்பே தொட்டில், துணிமணி எல்லாம் வாங்கிவைப்பதை என் மாமியார் விரும்பவில்லை. அவர் மனம் நோகாமல் எந்த அளவுக்கு வேலையை முன்கூட்டியே முடிக்கலாம்?

பதில்: பழைய தூரிகை

அம்மா, வணக்கம். டிஜிட்டல் அச்சு வருவதற்கு முன் திரையரங்குகளுக்குப் பேனர் எழுதிக்கொண்டிருந்தவன் நான். இப்போது பள்ளிக்கூடங்களிலும் வீடுகளிலும் சுவர் ஓவியம் வரைகிறேன். ஆகவே சுவரைப் பற்றி மட்டும் சொல்கிறேன்.

மேற்குச் சுவரை இந்த ஆண்டு தொடவே வேண்டாம். ஓதம் ஏறும் சுவரின்மேல் எத்தனை உயர்ந்த பெயின்டை அடித்தாலும், உள்ளிருந்து உப்புப் பூத்து அடுத்த மழையில் பொரிந்து உதிரும். உதிர்ந்த பொருக்கைப் பொறுக்கி வாயில் வைத்துக்கொள்ளும் வயதில்தான் உங்கள் குழந்தை அப்போது இருக்கும். வெளிச்சுவரில் வெடிப்பு இருக்கிறதா, பக்கத்துக் குளியலறைக் குழாய் கசிகிறதா என்று முதலில் பார்த்து அதைச் சரிசெய்யுங்கள். சரிசெய்த பிறகும் ஒரு கோடைக்காலம் முழுவதும் காயவிட்டு, அதன் பின்னரே பட்டி பார்க்க வேண்டும். ஓவியத்தைக் கிழக்குச் சுவருக்கோ வடக்குச் சுவருக்கோ மாற்றிக்கொள்ளுங்கள்.

ஐப்பசி மழை தொடங்குவதற்கு முன் வேலை முடிந்துவிட வேண்டும் என்பதில் உறுதியாக இருங்கள். ஈரக்காற்றில் பட்டியும் பிரைமரும் காயாது என்பது ஒரு காரணம். குழந்தை அந்த அறைக்கு வருவதற்குள் ஜன்னல்களைத் திறந்துவைத்துப் பல வாரங்கள் காற்றோட்டம் கொடுக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியமான காரணம். நீர்க்கலவை எமல்ஷனையே பயன்படுத்தச் சொல்லுங்கள். டிஸ்டெம்பர் மலிவுதான், ஆனால் தொட்டால் கையில் பொடியாக ஒட்டும். கதவுக்கும் ஜன்னலுக்கும் பழைய எனாமல் பூச்சு இருந்தால், அதைச் சுரண்டும் நாட்களில் நீங்கள் வீட்டிலேயே இருக்கக் கூடாது. வீட்டுப் பெயின்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி நம் நாட்டில் 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் அடித்த பூச்சில் என்ன இருக்கிறது என்று யாராலும் பார்த்துச் சொல்ல முடியாது. ஈரப்படுத்தித் தேய்த்து, துகளை ஈரத்துணியால் துடைத்தெடுத்து அப்புறப்படுத்தும் ஆளாகப் பார்த்து வேலையைக் கொடுங்கள்.

ஸ்டிக்கரை நான் பரிந்துரைக்க மாட்டேன். என் பிழைப்புக்காக இதைச் சொல்வதாக நினைத்தாலும் பரவாயில்லை. நம் ஊர் வெக்கையில் அதன் ஓரங்கள் சுருண்டு எழும்பும். தவழத் தொடங்கும் குழந்தை அந்த ஓரத்தைப் பிடித்து இழுத்துக் கிழித்து வாயில் போடும்.

படத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அதன் பின்னணிக் காட்சிகளை நேரம் எடுத்துப் பார்த்தேன். கலை இயக்குநர் கஸுவோ ஓகா போஸ்டர் கலரில் தீட்டிய தாள்கள் அவை. அந்தப் பச்சையைப் பச்சை ஸ்டெய்னரை (பெயின்டில் கலக்கும் நிறச்சாறு) அப்படியே கொட்டிக் கொண்டுவர முடியாது. பச்சையில் சிறிது காவியும் மஞ்சளும் சேர்த்து அடக்க வேண்டும். நிழல் விழும் இடத்தில் கறுப்பைச் சேர்க்காமல் நீலத்தைச் சேர்க்க வேண்டும். தூரத்து மரங்களுக்கு வெள்ளையைக் கலந்து வெளிறச் செய்ய வேண்டும். உங்கள் பெயின்டர் கடையில் கிடைக்கும் கிளிப்பச்சையை அடித்துவிட்டுப் போய்விட்டால், நடுவில் எவ்வளவு அழகான டொட்டோரோ நின்றாலும் அது மழலையர் பள்ளிச் சுவராகத்தான் தெரியும். உருவத்தைப் பெரிதாக்குவதற்கு நாங்கள் பேனரில் செய்ததுபோல, சிறிய படத்தில் கட்டம் போட்டு, அதே எண்ணிக்கையில் சுவரிலும் சாக்பீஸால் கட்டம் போட்டுக்கொண்டால் அளவு பிசகாது.

பதில்: நாகோயாவிலிருந்து ஒருத்தி

நானும் இந்தப் படத்தின் ரசிகை. வேலை நிமித்தமாக ஜப்பானில் வாழ்கிறேன். முதல் பதிலில் ஐயா பின்னணியைப் பற்றிச் சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன், ஏனென்றால் இங்கே அதற்குக் கண்கூடான சான்று ஒன்று இருக்கிறது. 2005இல் அய்ச்சி மாநிலத்தில் நடந்த உலகப் பொருட்காட்சிக்காக, படத்தில் சத்சுகி, மெய் என்ற சகோதரிகள் குடியேறும் வீட்டை நகாகுதே நகரில் முழு அளவில் கட்டினார்கள். அது இன்றும் இருக்கிறது. இந்தப் படத்தை எடுத்த ஜிப்ளி நிறுவனத்தின் பெயரில் 2022இல் திறக்கப்பட்ட ஜிப்ளி பூங்காவின் ஒரு பகுதியாக அதைப் பார்க்கலாம். வெளியே கைப்பம்பு, உள்ளே அடுக்களைப் பாத்திரங்கள், தந்தையின் அறையில் குவிந்திருக்கும் புத்தகங்கள் என்று ஒரு குடும்பம் சற்று முன்புதான் வெளியே போயிருக்கிறது என்று நம்பும்படி அந்த வீடு இருக்கிறது. படத்துக்குள் நுழைந்துவிட்டோம் என்ற உணர்வைத் தருபவை அங்கே அன்றாடப் பொருட்கள்தான்.

எனவே நான் உங்களிடத்தில் இருந்தால், ஆள் உயர டொட்டோரோவைக் கைவிட்டு, படத்தில் டொட்டோரோ வாழும் அந்தக் கற்பூர மரத்தை மட்டும் சுவரில் வரையச் சொல்வேன். வேரிலிருந்து கூரை வரை எழும் ஒரு பெரிய அடிமரம், மேலே பரவும் இலைத்திரள், வேர்களுக்கிடையே ஒரு பொந்து. அந்தப் பொந்தருகே, தேடினால் மட்டும் தென்படும்படி, சிறிய வெள்ளை டொட்டோரோ ஒன்று. படத்தில் மெய் அவற்றைக் கண்டுபிடிப்பது அப்படித்தானே! பேருந்து நிறுத்தக் காட்சியை எல்லோரும் சட்டையிலும் கோப்பையிலும் பார்த்துச் சலித்துவிட்டார்கள் என்பது என் தனிப்பட்ட எண்ணம், மன்னிக்கவும். மரமாக இருந்தால், நாளைக்கு உங்கள் பிள்ளை டொட்டோரோவை விட்டுவிட்டு டைனோசரின் பின்னால் போனாலும் சுவரை அழிக்க வேண்டியதில்லை. அதே மரத்தடியில் அதுவும் நின்றுகொள்ளும்.

அறையில் மரச்சாயல் வேண்டும். புதிய பிளாஸ்டிக் அலமாரிக்குப் பதில் வீட்டில் கிடக்கும் பழைய தேக்குப் பெட்டியையோ மூங்கில் கூடையையோ பயன்படுத்தலாம். விளக்கு மஞ்சள் ஒளி தருவதாக, 2700 கெல்வின் அளவில், ஒளியைக் குறைத்துக்கொள்ளும் வசதியுடன் இருக்கட்டும். எனக்கு மிகவும் பிடித்த ஒன்றைக் கடைசியாகச் சொல்கிறேன்: சகோதரிகள் இருவரும் விதை முளைக்கக் காத்திருக்கும் அந்த இரவில் கொசுவலைக்குள்தான் படுத்திருக்கிறார்கள். நம் ஊரில் குழந்தைக்கு எப்படியும் கொசுவலை கட்டத்தான் போகிறீர்கள். அதை வெளிர்பச்சையில் வாங்கினால், ஒரு ரூபாய் கூடுதல் செலவில்லாமல் அந்தக் காட்சி உங்கள் அறைக்குள் வந்துவிடும்.

பதில்: வார்டு எண் மூன்று

பச்சிளங்குழந்தைகள் பிரிவில் செவிலியராகப் பணியாற்றுகிறேன். அழகு பற்றி மற்றவர்கள் சொல்லிவிட்டார்கள்; நான் சொல்லப்போவது சற்றுக் கண்டிப்பாக இருக்கலாம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பூனைப் பேருந்துத் தொட்டில் வேண்டாம். குழந்தை உறங்கும் இடம் தட்டையாகவும் உறுதியாகவும் வெறுமையாகவும் இருக்க வேண்டும். காது, வால், மெத்தென்ற ரோமத்துணி என்று ஒட்டிச் செய்யும் எதுவும் அந்த விதிக்கு எதிரானது. தொட்டிலின் உட்பக்கத்தைச் சுற்றிக் கட்டும் பஞ்சுத் தடுப்புகளால் மூச்சுத் திணறல் ஏற்படக்கூடும் என்பதால், அமெரிக்காவில் 2022இல் சட்டம் இயற்றி அவற்றின் விற்பனையையே தடைசெய்தார்கள். தச்சர் செய்வதானால், பக்கவாட்டுச் சட்டங்களுக்கு இடையே 6 சென்டிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. மெத்தைக்கும் சட்டத்துக்கும் நடுவே இரண்டு விரல் நுழையும் சந்தும் கூடாது. பொம்மை, தலையணை, கனத்த போர்வை எதுவும் முதல் ஆண்டில் உள்ளே வேண்டாம். குழந்தையை எப்போதும் மல்லாக்கவே படுக்க வையுங்கள்.

தச்சரின் திறமையை வீணாக்க வேண்டாம் என்றால், அதே பூனைப் பேருந்தைப் புத்தக அலமாரியாகச் செய்யச் சொல்லுங்கள். படத்தில் அதன் நெற்றியில் உள்ள பலகை, போக வேண்டிய இடத்தைக் காட்டும் அல்லவா? மெய்யைத் தேடிப் போகும்போது அவள் பெயரே அதில் வந்து நிற்கும். அந்தப் பலகையை இப்போது வெறுமையாக விட்டுவைத்து, பெயர் சூட்டிய பிறகு குழந்தையின் பெயரை எழுதிக்கொள்ளலாம். உங்கள் மாமியாருக்கும் இந்த ஏற்பாடு பிடிக்கும். அலமாரியை எல் வடிவக் கிளாம்ப் போட்டுச் சுவரோடு பிணைத்துவிடுங்கள்; நிற்கப் பழகும் பிள்ளை முதலில் பிடித்து ஏறப்பார்ப்பது அதில்தான்.

ஓக் கொட்டை மாலை கண்டிப்பாக வேண்டாம். சுமார் 3.2 சென்டிமீட்டர் விட்டமுள்ள குழாய்க்குள் புகக்கூடிய எந்தப் பொருளும் மூன்று வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தையின் தொண்டையை அடைக்கக்கூடியது என்பதே பொம்மைகளுக்கான பொது அளவுகோல். மாலை அறுந்தால் ஒவ்வொரு கொட்டையும் அந்தக் குழாய்க்குள் தாராளமாகப் போய்விடும். கயிறும் தனி ஆபத்து.

ஆனால் கரித்தூள் உருண்டைகள் அருமையான யோசனை. பிறந்த குழந்தைக்கு ஏறக்குறைய 20 முதல் 30 சென்டிமீட்டர் தொலைவில் இருப்பதுதான் ஓரளவு தெளிவாகத் தெரியும். நிறங்களை நன்றாகப் பிரித்தறிவதற்கு நான்கைந்து மாதங்கள் ஆகும். சுவரில் ஐயா எவ்வளவு நுட்பமாகப் பச்சையைக் கலந்தாலும் அது முதலில் பெற்றோரின் கண்ணுக்குத்தான். வெள்ளைப் பின்னணியில் கறுப்பு உருண்டை, அதில் இரண்டு வட்டக் கண்கள் என்பது பச்சிளங்குழந்தை உற்றுப் பார்க்கும் வகையைச் சேர்ந்தது. கம்பளி நூலில் செய்யாமல், தடித்த அட்டையில் வரைந்து, விழித்திருக்கும் நேரத்தில் நீங்களே கையில் பிடித்துக் காட்டுங்கள். தொங்கவிட்டே ஆக வேண்டும் என்றால் கைக்கு எட்டாத உயரத்தில் தொங்கவிட்டு, ஐந்து மாதம் ஆனதும், அல்லது அதற்கு முன்பே குழந்தை கையூன்றி எழும்பத் தொடங்கினால் அப்போதே, கழற்றிவிடுங்கள். கொசுவலையும் இழுத்துக் கட்டியதாக இருக்க வேண்டும். தொய்ந்து குழந்தையின் முகத்தருகே விழக் கூடாது.

இன்னொன்று: குறைந்தது முதல் ஆறு மாதங்கள் குழந்தை உங்கள் படுக்கையறையிலேயே, ஆனால் தனிப் படுக்கையில் உறங்குவதுதான் பாதுகாப்பு. அதனால் தை மாதத்துக்குள் எல்லாம் முடிய வேண்டும் என்று நீங்கள் அலைய வேண்டியதில்லை.

பதில்: நெல்லிமரம்

மூவருக்கும் மிக்க நன்றி. நேற்று இரவு கணவரும் நானும் எல்லாவற்றையும் படித்தோம். குடை பிடித்த டொட்டோரோவை விட்டுக்கொடுக்க அவருக்குத்தான் மனமில்லை. கடைசியில் அதைச் சிறிய சட்டமிட்ட படமாகக் கூடத்தில் மாட்டிக்கொள்வது என்று சமாதானம் ஆனார். கிழக்குச் சுவரில் கற்பூர மரம் என்று முடிவுசெய்துவிட்டோம். அலமாரியைப் பற்றித் தச்சரிடம் சொன்னதும், கால்கள் எத்தனை வைப்பது என்று அவர் கேட்ட கேள்விக்குத்தான் எங்களால் பதில் சொல்ல முடியவில்லை. படத்தை மறுபடி போட்டுப் பார்க்க வேண்டும்.

மாமியாரிடம் பேசினேன். சுவருக்கு வண்ணம் அடிப்பது வீட்டு வேலை, அதில் தடையில்லை என்றார். தொட்டிலையும் துணிகளையும் மட்டும் பிறந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம் என்று ஒத்துக்கொண்டோம். தன் பங்குக்கு ஊரிலிருந்து பழைய காட்டன் புடவைகளைத் துவைத்துக் கொண்டுவருவதாகச் சொல்லியிருக்கிறார்.

பழைய தூரிகை ஐயாவுக்கு ஒரு கேள்வி. ஓவியத்தின்மேல் வார்னிஷ் அடித்தால் கறை படியாது என்று எங்கள் பெயின்டர் சொல்கிறார். அடிக்கலாமா?

பதில்: பழைய தூரிகை

வார்னிஷ் வேண்டாம், அம்மா. எண்ணெய் வார்னிஷ் நாளடைவில் மஞ்சளாகும். அதன் வாடை போகவும் நாளாகும். பளபளப்பு ஏறினால் இரவு விளக்கில் மரம் முழுவதும் கண்கூசும். நீர்க்கலவையில் பளபளப்பில்லாத தெளிவான பூச்சு கடைகளில் கிடைக்கும். அதைத் தரையிலிருந்து மூன்றடி உயரம் வரை மட்டும் இரண்டு கை அடித்தால் போதும். கிரேயான் கிறுக்கல் அதற்கு மேலே எட்டுவதற்குச் சில ஆண்டுகள் இருக்கின்றன. வேலை முடிந்ததும், கலந்த வண்ணங்களில் மிச்சமிருப்பதைக் காற்றுப் புகாத சிறு புட்டிகளில் ஊற்றி, எது இலைக்கு, எது அடிமரத்துக்கு, எது பொந்தின் நிழலுக்கு என்று எழுதி ஒட்டித் தரச்சொல்லி வாங்கிக்கொள்ளுங்கள். அதே கலவை மறுபடி அமையாது. தச்சருக்கு ஒரு வார்த்தை: கால்கள் எத்தனை ஆனாலும் எல்லாம் தரையில் சமமாக ஊன்றும்படி வைக்கச் சொல்லுங்கள், நிலையாக நிற்கும்.