தீர்ப்பு வராதவர்களை ஏன் அடைத்து வைத்திருக்கிறோம்?

வைகைக்கரை:
தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி, 2022 இறுதியில் இந்தியச் சிறைகளில் இருந்தவர்கள் 5,73,220 பேர். அவர்களில் 4,34,302 பேர் விசாரணைக் கைதிகள். நான்கில் மூவர் தீர்ப்புக்காகக் காத்திருக்கிறார்கள். வழக்கு முடியும் முன்பே தண்டனையை அனுபவிக்கவிடுவது என்ன நீதி?

கரிசல்மண்:
அந்த மூவரில் கொலை, பாலியல் வன்கொடுமை வழக்குகளில் கைதானவர்களும் இருக்கிறார்கள். எங்கள் பக்கத்து ஊரில் ஒரு வெட்டுக்குத்து வழக்கு. ஜாமீனில் வந்தவர்கள் தெருவில் நடமாடத் தொடங்கியதும், பார்த்த சாட்சிகள் எல்லோரும் முதலில் சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ்சாட்சிகள் ஆனார்கள். செத்தவனின் தாய்க்கு என்ன பதில் சொல்வீர்கள்?

வைகைக்கரை:
சாட்சியை மிரட்டினால் ஜாமீனை ரத்து செய்யலாம் ஐயா. அதற்குச் சட்டம் இருக்கிறது. ஜாமீன் உத்தரவு கையில் இருந்தும் வெளியே வர முடியாதவர்களைத்தான் சொல்கிறேன். இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும், அதில் ஒருவர் ரத்த உறவாக இருக்க வேண்டும் என்று நிபந்தனை வந்தால், பிழைப்புக்கு வந்த கட்டடத் தொழிலாளி யாரைக் கூட்டி வருவார்? 1979இல் உச்ச நீதிமன்றத்தில் ஹுசைனாரா காத்தூன் வழக்கு வெளிக்கொண்டு வந்ததும் இதைத்தான். குற்றம் நிரூபணமாகியிருந்தால் கிடைத்திருக்கக்கூடிய அதிகபட்சத் தண்டனையைவிட நீண்ட காலம் பீகார்ச் சிறைகளில் ஏழைகள் கிடந்தார்கள்.

தாமிரபரணி:
நான் குற்றவியல் வழக்குகள் நடத்துபவள். 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 479ஆம் பிரிவைப் பாருங்கள். முன்பு எந்த வழக்கிலும் தண்டனை பெறாதவர், அதிகபட்சத் தண்டனையில் மூன்றில் ஒரு பங்குக் காலம் சிறையில் இருந்துவிட்டால் பிணையில் விடுவிக்கப்பட வேண்டும், மற்றவர்களுக்குப் பாதி. மரண தண்டனை, ஆயுள் தண்டனைக்குரிய குற்றங்களுக்கு இது பொருந்தாது. நீதிமன்றத்துக்கு எழுத வேண்டியது சிறைக் கண்காணிப்பாளரின் கடமை. ஆனால் ஒருவர் மீது ஒன்றுக்கு மேற்பட்ட வழக்குகள் நிலுவையில் இருந்தால் இந்தச் சலுகை இல்லை.

கரிசல்மண்:
அந்த விலக்கு தேவைதான். திரும்பத் திரும்பத் திருடுபவனை வெளியே விட்டால் இழப்பு கடைத்தெருக்காரர்களுக்கு. ஏழைக்கு ஜாமீன்தாரர் வேண்டாம், அவரே எழுதித் தரும் சொந்தப் பிணை போதும் என்றால் எனக்கு மறுப்பில்லை. வாய்தா மேல் வாய்தா கொடுப்பதை நிறுத்தி வழக்கை முடியுங்கள். கதவைத் திறந்துவிடுவது தீர்வாகாது.

வைகைக்கரை:
“திரும்பத் திரும்பத் திருடுபவன்” என்று நீங்கள் எப்படி முடிவு செய்தீர்கள்? நிலுவையில் உள்ள எந்த வழக்கிலும் தீர்ப்பு வரவில்லையே. குற்றப்பத்திரிகையின் எண்ணிக்கையை வைத்து ஒருவரைக் குற்றவாளி ஆக்கினால் நீதிபதிக்கு அங்கே என்ன வேலை? வழக்கு விரைவாக முடிய வேண்டும் என்பதில் உங்களோடு நிற்கிறேன். அதுவரை அவர் ஏன் உள்ளே இருக்க வேண்டும் என்பதற்குத்தான் பதில் கேட்கிறேன்.