ஹோஜோ சோஊன்: நாடோடி வீரரா, அரண்மனை அதிகாரியா?

கோட்டைப்பித்தன்:
வாளைத் தவிர வேறொன்றும் இல்லாத நாடோடி. அறுபது வயதில் இஸு மாகாணத்தைப் பிடித்து, ஐந்து தலைமுறை நின்ற வம்சத்துக்கு வித்திட்டார். கீழே இருப்பவன் மேலே இருப்பவனைக் கவிழ்த்த ஜப்பானியப் போர்க்காலத்துக்கு இவரைவிட நல்ல உதாரணம் உண்டா?

ஏட்டுச்சுரைக்காய்:
அது பழைய கதை. இஸே குடும்பத்துப் பிள்ளை அவர். தலைநகர் கியோட்டோவில் ஷோகுன் (ராணுவ ஆட்சித் தலைவர்) அரசில் வேலை பார்த்தவர். சகோதரியைக் கட்டியவர் சுருகா மாகாணத்தை ஆண்ட இமாகாவா யோஷிதாதா. இவரா நாடோடி? 1432-இல் பிறந்தார் என்று வைத்தால்தான் அந்த அறுபது வயது வரும். இப்போது பலரும் ஏற்கும் 1456-ஐ எடுத்தால், 1493-இல் இஸுவுக்குள் நுழையும்போது வயது 37.

கோட்டைப்பித்தன்:
சரி, பெரிய குடும்பம்தான். மைத்துனர் 1476-இல் இறந்தபின் வாரிசுச் சண்டை. 1487-இல் பட்டத்துக்குப் போட்டியிட்ட ஓஷிகா நோரிமிட்சுவைக் கொன்று மருமகனைப் பட்டத்தில் அமர்த்தினார். அதற்குக் கிடைத்தது கொகோகுஜி கோட்டை. அங்கிருந்து தொடங்கி 1516-இல் மியுரா குலத்தையே அழித்தாரே, அதுவும் சகோதரி வீட்டுச் சீதனமா? ஒதாவாராக் கோட்டையைப் பிடிக்க மான் வேட்டை என்று ஏமாற்றி ஆட்களை மலையேற்றி, மாட்டுக் கொம்புகளில் தீப்பந்தம் கட்டி விரட்டியவர் ஐயா!

ஏட்டுச்சுரைக்காய்:
மாடுகள் பிற்காலப் போர்க்கதைகளில் வந்தவை. ஒதாவாரா விழுந்தது 1495-இல்தானா என்பதிலேயே இன்னும் இழுபறி. இஸுவையும் தலைநகரோடு சேர்த்துப் பாருங்கள். அதே 1493-இல் கியோட்டோவில் ஆட்சி கவிழ்ந்து யோஷிசுமி ஷோகுன் ஆக்கப்படுகிறார். இஸுவில் இருந்த அஷிகாகா சாசாமாரு, யோஷிசுமியின் தாயையும் தம்பியையும் கொன்றவர். அவர்மேல்தான் சோஊன் பாய்ந்தார். தற்செயல் என்கிறீர்களா?

வயல்வரப்பு:
குறுக்கே வருகிறேன், மன்னிக்கவும். எனக்கு அவர் வாளைவிடக் கணக்குப் புத்தகம்தான் பெரிதாகத் தெரிகிறது. 1506-இலேயே ஒதாவாராப் பக்கம் நிலத்தை அளக்க வைத்தார். விளைச்சலில் பத்தில் நான்கு பங்கு வரி, ஆறு குடியானவருக்கு என்பது அந்தக் குலத்தின் அடையாளமாகவே சொல்லப்படுகிறது. அவர் இறந்தது 1519-இல். அதற்கு முந்தைய ஆண்டு, உத்தரவுகளில் குத்தும் புலி முத்திரை வருகிறது. அது இல்லாத உத்தரவோடு அதிகாரி வந்து வேலை வாங்கினால், கிராமத்தார் செய்யத் தேவையில்லை. இது அரண்மனையில் வேலை கற்றவரின் மூளை. இதில் நான் சுரைக்காய் பக்கம்.

ஏட்டுச்சுரைக்காய்:
நன்றி. இன்னொன்று, தலைப்பே தப்பு. ஹோஜோ என்ற பெயரை அவர் வைத்துக்கொண்டதே இல்லை. மகன் உஜிட்சுனா 1523 வாக்கில் சூட்டிக்கொண்டது அது. இவர் கடைசிவரை இஸே சோஸுய்தான்.

கோட்டைப்பித்தன்:
தலைப்பை மாற்றுவது எப்படி என்று யாராவது சொல்லுங்கள், மாற்றிவிடுகிறேன். மாடுகளை மட்டும் விட்டுத்தர மாட்டேன்.