ஹேகர்மன் குதிரைக்குத் தமிழில் என்ன பெயர்?

மடல் 1
குழுவினர்க்கு வணக்கம். நான் மொழிபெயர்த்துவரும் சிறுவர் நூல் வெள்ளியன்று அச்சுக்குப் போகவேண்டும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில், ஹேகர்மன் ஊரருகே ஸ்னேக் ஆற்றங்கரையில், 1928இல் பண்ணைக்காரர் ஒருவர் காட்டிய எலும்புகளைத் தொடர்ந்து ஸ்மித்சோனியன் நிறுவனத்தார் தோண்டியெடுத்த குதிரையினத்துக்குப் பெயர் வேண்டும். 30 இலட்சம் ஆண்டுகளுக்கும் முன் வாழ்ந்த இதன் அறிவியற்பெயர் ஈக்வஸ் சிம்ப்ளிசிடென்ஸ். ஆங்கிலத்தில் இதை 'அமெரிக்கன் ஜீப்ரா' என்றும் சொல்வதால், 'அமெரிக்க வரிக்குதிரை' என இட்டுவிடலாமா?

மடல் 2
'எளிபல் பரி' என்க. இலத்தீனில் சிம்ப்ளெக்ஸ் எளிமை, டென்ஸ் பல். குதிரை குதித்தலால் வந்த பெயர் என்பர்; பரியோ பழஞ்சொல். 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவியும்' என்று பட்டினப்பாலை பாடவில்லையா? ஊர்ப்பெயர்தான் வேண்டுமெனில், ஹகரம் மொழிமுதல் ஆகாதாகையால், ஏகர்மன் என எழுதுக.

மடல் 3
ஐயா காட்டிய அடி ஐயாவுக்கே எதிராக நிற்கிறது. அங்கே பரி என்பது நடை. விலங்கைக் குறிப்பது புரவி. பரி குதிரையையும் குறிக்கும் என்பதை நரி பரியான கதையால் என் வகுப்புப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் 'எளிபல்' என்றால் ஏழைக் குதிரையின் பல்லா என்றுதான் கேட்பார்கள்.

வரிக்குதிரை என்பதை நான் இன்னும் வலுவாக மறுக்கிறேன். ஆப்பிரிக்காவின் கிரேவி வரிக்குதிரையை ஒத்த எலும்பமைப்பால் அப்பெயர் வந்தது. மண்ணில் கிடைத்தவையோ எலும்பும் பல்லுமே. தோலில் வரி இருந்ததா என்பதை எலும்பு சொல்லாது. ஜீப்ரா என்னும் சொல்லைக் கேட்பவருக்கு அச்சொல்லே வரியைச் சொல்வதில்லை. தமிழிலோ வரிதான் முன்னே நிற்கிறது. ஆங்கிலத்தில் ஒப்புமையாக நிற்பது, நம் மொழியில் சான்றாகிவிடும். ஓவியரும் கோடு போட்டுவிடுவார். ஊர்ப்பெயரோடு 'ஹேகர்மன் குதிரை' என்பதே போதும்.

மடல் 4
வரி பற்றிய கருத்தை ஏற்கிறேன். எனினும், ஊர்ப்பெயர் மட்டும் முழுமையாகப் பொருந்துகிறதா? 1892இல் தொல்லுயிரியலாளர் கோப் இவ்வினத்துக்குப் பெயரிட்டது டெக்சஸில் கிடைத்த எச்சத்தை வைத்து. ஹேகர்மன் எலும்புகளுக்கு ஸ்மித்சோனியனின் கிட்லி முதலில் பிளெசிப்பஸ் என வேறு பேரினப்பெயரே சூட்டினார். பிறகுதான் இரண்டும் ஓரினம் எனக் கொள்ளப்பட்டன. ஆக, டெக்சஸ் குதிரைக்கு ஐடஹோ ஊரின் பெயரைச் சூட்டுகிறோம். பல்லால் வரும் பெயருக்கு இச்சிக்கல் இல்லை; பல் எங்கும் பல்தான்.

மடல் 5
இதுவரை எழுதியவர்களிடையே ஒத்த கருத்து இல்லாவிடினும், வெள்ளி நெருங்குவதால் 'ஹேகர்மன் குதிரை' என்பதையே அச்சகத்துக்கு அனுப்புகிறேன். நூலின் பின்னே வரும் சொல்லடைவில் ஐயாவின் 'எளிபல் பரி'யையும் சேர்த்திருக்கிறேன். ஏகர்மனை மட்டும் சேர்க்கவில்லை. அவர் எந்நாட்டு மன்னர் என்று என் மகள் கேட்டுவிட்டாள்.