கடல்மேல் போகும் யு.எஸ். 1: கீ வெஸ்ட் சாலையில் எதிர்ப்படுபவை (அனுபவப் பகிர்வு; ஒவ்வொரு பகுதியின் தலைப்பும் எழுதியவரின் புனைபெயர்)

மைல்கல்:
ஃப்ளோரிடா கீஸ் என்ற அமெரிக்கத் தீவு வரிசைக்குப் (கீ என்றால் சிறு தீவு) புதிதாகப் போகிறவர்கள் "எந்த எக்ஸிட்டில் இறங்கணும்?" என்று கேட்பார்கள். இறங்குவதற்கு எக்ஸிட்டே கிடையாது. ஃப்ளோரிடா சிட்டியிலிருந்து கீ வெஸ்ட் வரை ஒரே சாலைதான், யு.எஸ். 1. அங்கே வழி சொல்வது மைல் எண்ணை வைத்துத்தான். ஓரத்தில் சின்னப் பச்சைப் பலகை, வெள்ளை எண். கீ வெஸ்டில் வைட்ஹெட் தெருவும் ஃப்ளெமிங் தெருவும் கூடும் மூலை 0. வடக்கு முனை 126ஐத் தாண்டும். ஆகவே மியாமியிலிருந்து வருபவருக்கு எண் இறங்குமுகமாக ஓடும்.

கடை முகவரி 88500 என்று இருந்தால் 88.5ஆவது மைல். அதோடு "பேசைடா, ஓஷன்சைடா?" என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். தெற்கே போகையில் வலக்கைப் பக்கம் வளைகுடா (பேசைட்), இடக்கைப் பக்கம் அட்லாண்டிக் (ஓஷன்சைட்). அங்கே வண்டி ஓட்டுவது சாலையின் வலப்புறத்தில், ஆகவே தெரியாமல் போனால் எதிர்த்திசை வண்டிகள் வழிவிடும் வரை இடப்புறம் திரும்பக் காத்து நடுச்சாலையில் நிற்க வேண்டிவரும். பின்னால் வருகிறவரோ கடலைப் பார்த்துக்கொண்டு வருவார். பின்மோதல் இப்படித்தான் நடக்கிறது.

முழுத் தூரத்துக்கும் 3 மணி நேரம் வையுங்கள். வேக வரம்பு பெரும்பாலும் மணிக்கு 45 அல்லது 55 மைல். ஒரு வண்டியை முந்திப் போய் லாபமில்லை, அடுத்த வண்டியின் பின்னால்தான் போய் நிற்பீர்கள்.

சதுப்புநிலம்:
முதல் 18 மைல் பற்றி ஒரு வார்த்தை. ஃப்ளோரிடா சிட்டியை விட்டதும் கீ லார்கோ வரை கடையும் இல்லை, பெட்ரோல் பங்கும் இல்லை. பெட்ரோலை ஊருக்குள்ளேயே போட்டுக்கொள்ளுங்கள். நடுவே நீல நிறத்தில் கான்கிரீட் தடுப்புச் சுவர் ஓடும். நேருக்கு நேர் மோதல்களைத் தடுக்க வைத்தது. முந்துவதற்கென்று விட்ட இடங்களில் மட்டும் முந்தலாம்.

இந்த 18 மைல் அடைபட்டால் மாற்று வழி கார்ட் சவுண்ட் ரோடு ஒன்றுதான். டோல் உண்டு, பணம் வாங்க ஆள் இருக்காது, நம்பர் பிளேட்டைப் படம் பிடித்து பில் அனுப்பிவிடுவார்கள். வாடகைக் கார் என்றால் கம்பெனி மேல்கட்டணம் எவ்வளவு போடும் என்று முன்பே கேட்டுக்கொள்வது நல்லது. வழியில் சதுப்புக்காடு, அமெரிக்க முதலைகளுக்கான காப்பிடமும் அந்தப் பக்கம்தான். கீ லார்கோவுக்குத் தெற்கே மாற்று வழி என்ற பேச்சே இல்லை. ஒரு விபத்து நடந்தால் இரண்டு பக்கமும் நின்றுவிடும்.

தண்டவாளம்:
இந்தச் சாலை ஏன் இப்படி இருக்கிறது என்று புரிய, இது ரயில் பாதையாக இருந்தது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஸ்டாண்டர்ட் ஆயில் பங்காளியான ஹென்றி ஃப்ளாக்லர் தன் ஃப்ளோரிடா ஈஸ்ட் கோஸ்ட் ரயில்வேயை 1896இல் மியாமிக்குக் கொண்டுவந்தார். பனாமா கால்வாய் வரப்போகிறது, அதற்குப் பக்கத்திலுள்ள ஆழமான அமெரிக்கத் துறைமுகம் கீ வெஸ்ட் என்று கணக்குப் போட்டு 1905இல் கடல்மேல் வேலையைத் தொடங்கினார். 1906, 1909, 1910 என்று மூன்று புயல்கள் அடித்தன. தலைமைப் பொறியாளர் ஜோசப் மெரிடித் 1909இல் இறந்துபோக, வில்லியம் குரோம் பொறுப்பேற்றார். 1912 ஜனவரி 22 அன்று ரயில் கீ வெஸ்டில் நின்றது. அடுத்த ஆண்டு ஃப்ளாக்லர் காலமானார். எதிர்பார்த்த சரக்கு வரவேயில்லை.

கார்களுக்கு 1928இல் ஒரு பாதை வந்தது, ஆனால் நடுவே சுமார் 40 மைல் படகில்தான் கடக்க வேண்டும். அந்த இடைவெளியில் பாலம் கட்ட முதல் உலகப்போர் வீரர்களை லோயர் மாட்டகும்பே பக்கம் முகாமில் தங்கவைத்து வேலை வாங்கினார்கள். 1935 செப்டம்பர் 2 அன்று வந்த புயலில் காற்றழுத்தம் 892 மில்லிபார் வரை இறங்கியது. அவர்களை மீட்க அனுப்பிய ரயிலை இஸ்லமொராடாவில் கடலலை புரட்டிப்போட்டது. இன்ஜின் பகுதி மட்டும் தண்டவாளத்தில் நின்றது. வீரர்களும் ஊர்க்காரர்களுமாக நானூறுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். மைல் 82க்கு அருகே நினைவுச்சின்னம் இருக்கிறது. சாலையை ஒட்டியே இருந்தும் பாதிப் பேர் கவனிக்காமல் போய்விடுகிறார்கள்.

கவனிக்க வேண்டியது இதுதான்: அந்தப் புயலில் பாலங்கள் தாங்கின, மண்ணும் கல்லும் கொட்டி உயர்த்திய கரைகள்தான் கரைந்து போயின. ஏற்கனவே திவாலாகியிருந்த ரயில்வே, பாதையை 6,40,000 டாலருக்கு மாநிலத்துக்கு விற்றது. 1938இல் சாலை திறந்தது. 1954 வரை சுங்கம் வாங்கினார்கள்.

பாலக்காட்சி:
தண்டவாளம் சார் சொன்னதற்கு நேரில் பார்க்கும் சாட்சி மைல் 37இல் உள்ள பஹியா ஹோண்டா பழைய பாலம். தண்ணீர் ஆழமான இடம் என்பதால் கர்டருக்குப் (கிடை உத்தரத்துக்கு) பதில் இரும்புச் சட்டகம். ரயில் அதன் உள்ளே புகுந்து போனது. இரண்டு கார்கள் எதிரெதிரே போக உள்ளே அகலம் போதாது. சட்டகத்தைப் பிரித்து அகலப்படுத்தவும் முடியாது. ஆகவே அதன் தலைமேல் சாலையைப் போட்டார்கள்! தாழ்வான மற்றப் பாலங்களில் குறுக்கே உத்தரங்கள் வைத்து அகலப்படுத்தினார்கள். கழற்றிய தண்டவாளங்களையே கைப்பிடிக் கம்பியாக்கினார்கள். பழைய செவன் மைல் பாலத்தில் இன்றும் பார்க்கலாம். பஹியா ஹோண்டாவில் 1972இல் பக்கத்தில் புதுப் பாலம் வந்த பிறகு பழையதில் ஒரு பகுதியை நீக்கிவிட்டார்கள், படகு போவதற்கும் ஆள் ஏறாமல் இருப்பதற்கும்.

கம்பிகட்டி:
பழசு நிற்கிறது, புதுசு ஏன் அடிக்கடி ரிப்பேர் என்று கேட்கிறவர்களுக்காக. மைல் 65 பக்கம் லாங் கீ பழைய பாலம் கான்கிரீட் வளைவுகளால் ஆனது. வளைவில் எடை முழுக்க அழுத்தமாக இறங்கும். உள்ளே கம்பி குறைவு. துருப்பிடித்து உப்பக் கம்பி இல்லையென்றால் கான்கிரீட் வெடிக்கவும் காரணமில்லை.

1980ஐ ஒட்டிக் கட்டிய புதுப் பாலங்களின் கம்பிகளுக்கு எபாக்ஸி என்ற பிசின் பூசினார்கள். உப்பு கம்பியைத் தொடக்கூடாது என்ற எண்ணம். ஆனால் வளைக்கும்போதும் ஏற்றி இறக்கும்போதும் பூச்சு கீறிவிடும். ஈரத்தில் ஒட்டும் பிடிமானம் விட்டுப்போகும். பூச்சுக்கு அடியிலேயே துரு பரவும். 1986லேயே, கட்டி ஆறேழு ஆண்டுகளுக்குள், தூண்களில் கான்கிரீட் பெயர ஆரம்பித்தது. அடி வாங்குவது எப்போதும் நீருக்குச் சற்று மேலே, அலை தெறித்துக் காயும் பகுதிதான். நனையும்போது உப்பு ஏறும், காயும்போது காற்று ஏறும். முழுக்க மூழ்கிய பகுதிக்கு ஆக்சிஜன் குறைவு, அது தப்பிக்கும். பெயர்ந்த இடத்தைச் சிமெண்ட் வைத்துப் பூசினால் மட்டும் போதாது. துரு பக்கத்துக்கு நகரும். துத்தநாகத்தைத் தெளித்தோ, துத்தநாக வலை வைத்த உறையைத் தூணைச் சுற்றிக் கட்டியோ, கம்பிக்குப் பதில் துத்தநாகம் அரிபடும்படி செய்கிறார்கள்.

தூணில் பட்டையாக உறை தெரிந்தால் அது அழகுக்கு இல்லை.

காற்றெதிர்:
செவன் மைல் பாலம் (மைல் 47 முதல் 40 வரை): உண்மை நீளம் 6.79 மைல். கான்கிரீட் பெட்டித் துண்டுகளைத் தொழிற்கூடத்தில் வார்த்துப் படகில் கொண்டுவந்து 135 அடி நீளக் கண்களாகப் பொருத்தினார்கள், 1982இல் திறந்தது. நடுவே கப்பலுக்காக 65 அடி உயர மேடு. அதில் நின்று படம் எடுக்காதீர்கள். ஓரம் பழுது வண்டிக்கு. படம் வேண்டுமென்றால் மாரத்தான் ஊர்ப் பக்கம் வண்டியை நிறுத்திப் பழைய பாலத்தில் நடங்கள். பிஜியன் கீ வரை 2.2 மைல், 2022இல் புதுப்பித்துத் திறந்தது. பொதுமக்கள் வண்டிக்கு அனுமதியில்லை. நிழலே கிடையாது, தண்ணீர் எடுத்துப் போங்கள். சைக்கிளில் கீ வெஸ்ட் போகிறவர்களுக்கு அது தொடராது. புதுப் பாலத்தின் ஓரத்தில்தான் மிதிக்க வேண்டும். பெரும்பாலும் கிழக்குக் காற்று என்பதால் கீ வெஸ்டை நோக்கிப் போவது எளிது, திரும்புவது கஷ்டம்.

மான்குட்டி:
பிக் பைன் கீ, மைல் 33 முதல் 29 வரை: வேக வரம்பு பகலில் 45, இரவில் 35. போலீஸ் உண்மையாகவே நிற்கும். இந்தத் தீவு மான்கள் பெரிய நாய் உயரம்தான், ஹெட்லைட்டில் தெரிவதற்குள் தாமதமாகிவிடும். மான்களுக்கான வேலியும் சுரங்கவழியும் தீவின் ஒரு பகுதிக்குத்தான். தீனி போடாதீர்கள், சட்டப்படி குற்றம். சாலையோரம் பழகிய மான்தான் அடிபடும்.

சதுப்புநிலம்:
புயல் காலத்தில், ஜூன் முதல் நவம்பர் வரை போகிறவர்களுக்கு: வெளியேற்ற உத்தரவில் சுற்றுலாக்காரர்களைத்தான் முதலில் கிளம்பச் சொல்வார்கள். அப்போதே கிளம்புங்கள், ஊர்க்காரர் வண்டிகள் சேர்ந்த பிறகு இல்லை. இர்மா புயல் 2017 செப்டம்பர் 10 அன்று கஜோ கீயில், அதாவது மைல் 20 பக்கம், கரையேறியது. தீவுகளில் புது வீட்டு அனுமதியைக்கூட, எல்லோரும் சுமார் ஒரு நாளுக்குள் வெளியேற முடியுமா என்ற கணக்கை வைத்தே எண்ணிக் கொடுக்கிறார்கள்.

மைல்கல்:
விட்டுப்போனது ஒன்று. மைல் 86 பக்கம் ஸ்னேக் க்ரீக்கில் தூக்குப் பாலம் இன்னும் இருக்கிறது. படகுக்குத் திறந்தால் இரண்டு பக்கமும் வரிசை நீளும். வண்டி நகரும்வரை இன்ஜினை அணைத்துவிடலாம்.